அன்ன நடை, அந்தமான் நடை

பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றை வாங்கி அந்தமான் டிரங்க் ரோட்டில் பறக்கலாமென்று ஆசை. ஆசீர்வதிப்பீர்களா?
*– வாசகர், போர்ட் பிளேர்*

1907-ல் ரோல்ஸ் ராய்ஸின் சில்வர் கோஸ்ட், லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்குமாகக் கோளாறு என்று நிற்காமல் 14,371 மைல் ஓடிக் காட்டியது. உங்கள் டிரங்க் ரோட்டின் ஜிர்காடாங் கேட்டில் அதுவும் நிற்கும்! வண்டிகளை மொத்தமாக அனுப்பும் கான்வாய் கிளம்பும்வரை நீங்கள் வடை சாப்பிடலாம். கிளம்பினாலும் முந்தக்கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ், லாரியோடு படகேற வேண்டும்.

ரோடு போவது ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காட்டின் வழியே. வண்டியை நிறுத்தவும் படம் பிடிக்கவும் தடை.

வெள்ளைக்காரன் காரில் குறும்பே கிடையாதா?
*– வாசகி, மாயாபந்தர்*

உங்களுக்குக் கப்பல் வரும் கல்கத்தாவில் 1910-ல் ஓர் அன்னமே ஓடியது. மேத்யூசன் என்ற துரை சொல்லிச் செய்த கார். வழிவிடாதவர் மேல் அலகு வெந்நீர் பீய்ச்சும். பின்னால் எச்சம்போலச் சுண்ணாம்புக் கரைசல் விழும். ஊரே அலற, போலீஸ் தடுத்தது. பிறகு நாபா மகாராஜா வாங்கிக்கொண்டார். அரண்மனைக்குள் யார் தடுப்பது?

செய்த கம்பெனி?

இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்து புரூக். கொஞ்ச நாளில் கார் தொழிலை விட்டுவிட்டுப் படகு கட்டப் போய்விட்டது. அன்னம் வளர்த்தவர்கள் வேறெங்கே போவார்கள்?