செயின்ட் மேரி மீடுக்கு எந்த பஸ்?

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி பற்றிய கேள்விகள். அதனால் அரசியலையும் சினிமாவையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்தப் பக்கத்தை முழுக்க அவருக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் வாழும் செயின்ட் மேரி மீட் கிராமத்தைப் பார்க்க ஆசை. இங்கிலாந்தில் எந்தப் பக்கம் இருக்கிறது? — மன்னார்குடி வாசகி

பதில்: எந்தப் பக்கமும் இல்லை. கிறிஸ்டி தன் மனத்தில் கட்டிய ஊர் அது. ஒரு சர்ச், ஒரு பாதிரியார், ஒரு டாக்டர், ஓய்வுபெற்ற கர்னல், மீன்கடை, தபால் ஆபீஸ், ஜன்னல் வழியே தெருவைக் கவனிக்கும் வயதான பெண்மணிகள் நாலு பேர். இவ்வளவை வைத்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் கதை சொன்னார்.

கேள்வி: தோட்டமும் பின்னலுமாக இருக்கும் ஒரு கிராமத்துப் பாட்டிக்குக் கொலையைப் பற்றி என்ன தெரியும்? — ஓசூர் வாசகர்

பதில்: மனிதர்களைத் தெரியும். மார்ப்பிள் கைரேகையைப் பார்ப்பதில்லை. புதிதாக ஒருவரைச் சந்தித்தால், தன் ஊரில் அதே ஜாடையில் நடந்துகொண்ட ஒருவர் அவர் நினைவுக்கு வருவார். சில்லறையில் கைவைத்த கடைப் பையனோ, நல்லவள்போல் நடித்த வேலைக்காரப் பெண்ணோ. இவரும் அதே ரகம்தான் என்று பிடித்துவிடுவார். இந்தக் குணம் கிறிஸ்டியின் பாட்டியிடமிருந்தும், லண்டனை ஒட்டிய ஈலிங்கில் அந்தப் பாட்டிக்கு இருந்த தோழிகளிடமிருந்தும் வந்தது. யாரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பார் பாட்டி. பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும் என்று கிறிஸ்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு விதையும் உண்டு. 1926இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் டாக்டரின் அக்கா கரோலின், வீட்டை விட்டு நகராமலே ஊர்ச் செய்தி முழுவதையும் சேகரித்துவிடுவார். அது 1928இல் நாடகமானபோது கரோலினை எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணைப் போட்டார்கள். கிறிஸ்டிக்கு அது மிகவும் வலித்தது. கல்யாணம் ஆகாத வயதான பெண்ணுக்குக் கதையில் இடமில்லை என்று நினைத்தவர்களுக்குப் பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களே போதுமான பதில்.

கேள்வி: அவர் எந்தக் கல்லூரியில் படித்தார்? — திண்டுக்கல் வாசகர்

பதில்: சிறு வயதில் பள்ளிக்கூடமே கிடையாது. எட்டு வயது வரை குழந்தை படிக்கக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. மகள் ஐந்து வயதுக்குள் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள்.

கேள்வி: பிறகு விஷங்களைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதியது எப்படி? — காரைக்குடி மருந்தாளுநர்

பதில்: அவரும் உங்கள் தொழிலில் இருந்தவர்தான். முதல் உலகப்போரில் சொந்த ஊரான டார்கியில் நர்சாகச் சேர்ந்து, பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறி, 1917இல் அதற்கான தேர்விலும் தேறினார். அலமாரி நிறைய விஷப் புட்டிகள், வேலைக்கு நடுவே நிறைய ஓய்வு: துப்பறியும் கதை எழுதலாம் என்ற எண்ணம் வளர்ந்தது அங்கேதான். போருக்குத் தப்பி டார்கிக்கு வந்திருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்துத் துப்பறிவாளர் புவாரோவைப் படைத்தார். 1920இல் வெளியான முதல் நாவலில் ஸ்ட்ரிக்னைன் விஷம் வேலை செய்யும் விதம் அத்தனை சரியாக இருந்ததால், மருந்தியல் இதழ் ஒன்று அதைப் பாராட்டி மதிப்புரை எழுதியது.

இதைவிடப் பெரிய பாராட்டு அவர் இறந்த மறுவருடம் வந்தது. 1977இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்கு ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். என்ன நோய் என்றே பிடிபடவில்லை. அப்போது கிறிஸ்டியின் 'தி பேல் ஹார்ஸ்' நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், குழந்தையின் முடி கொட்டுவதைப் பார்த்துவிட்டு, இது தாலியம் விஷமாக இருக்குமோ என்று கேட்டார். பரிசோதித்தால் அதுவேதான். குழந்தை பிழைத்தது. பொழுதுபோக்குக் கதைக்கு எதற்கு இத்தனை துல்லியம் என்று கேட்கிறவர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: கிராமத்துக் கதை எழுதியவர் என்கிறீர்கள். நைல் நதி, பாக்தாத், ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் எல்லாம் எப்படி வந்தன? — தூத்துக்குடி வாசகர்

பதில்: 1922இல் முதல் கணவர் ஆர்ச்சியுடன் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹவாய், கனடா என்று உலகத்தைச் சுற்றினார். ஹவாயில் அலைச்சறுக்குப் பலகை மேல் எழுந்து நின்று சவாரி செய்யப் பழகினார். ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பிய பயணம் 1928இல் நடந்தது. விவாகரத்து முடிந்த வருடம். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகச் சீட்டு எடுத்தாகிவிட்டது. ஒரு விருந்தில் பாக்தாத் போய்வந்த தம்பதி அந்த ஊரைப் பற்றிப் பேச, மறுநாளே சீட்டை மாற்றிக்கொண்டு, தனியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். அந்தக் காலத்தில், மனம் உடைந்திருந்த ஒரு பெண் எடுத்த இந்த முடிவை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

அந்தப் பயணத்தில் 'ஊர்' என்ற பெயருடைய பண்டைய நகரத்தின் அகழாய்வைப் பார்த்தார். 1930இல் மறுபடி போனபோது மாக்ஸ் மாலோவன் என்ற இளம் தொல்லியல் ஆய்வாளரைச் சந்தித்தார். அதே வருடம் கல்யாணம். அதன்பின் ஈராக்கிலும் சிரியாவிலும் கணவரோடு கூடாரவாசம். புகைப்படம் எடுப்பது, உடைந்த பானைகளைச் சேர்ப்பது எல்லாம் செய்தார். நிம்ருத்தில் கிடைத்த பழைய தந்தச் சிற்பங்களை, தன் முகத்துக்குப் பூசும் கிரீமையும் பின்னல் ஊசியையும் கொண்டு சுத்தம் செய்தார். எழுதுவதற்கென்று அங்கேயே மண் செங்கல்லில் ஓர் அறையும் கட்டிக்கொண்டார்.

ஆனால் கவனித்துப் படியுங்கள். ரயில் பெட்டியானாலும் நைல் கப்பலானாலும் உள்ளே இருப்பது ஒரு சின்ன ஊர்தான். பத்துப் பதினைந்து பேர், வெளியே போக வழியில்லை, ஆளுக்கொரு ரகசியம்.

கேள்வி: ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நாவலில் பனியில் ரயில் மாட்டிக்கொள்வது கற்பனையா? — ஊட்டி வாசகி

பதில்: நிஜம். 1929இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் துருக்கியில் பனியில் புதைந்து நாள்கணக்கில் நின்றது. 1931 டிசம்பரில் கிறிஸ்டியே பயணம் செய்த ரயில் வெள்ளத்தால் வழியில் நின்றுபோனது. அடுத்த வருடம் அமெரிக்காவில் விமானி லிண்ட்பெர்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றார்கள். எல்லாம் சேர்ந்து 1934இல் நாவலானது.

கேள்வி: 1926இல் அவர் காணாமல் போன மர்மம் என்ன? — சேலம் வாசகர்

பதில்: டிசம்பர் 3ஆம் தேதி இரவு வீட்டை விட்டுக் கிளம்பினார். சர்ரே பகுதியில் கார் மட்டும் கிடைத்தது. நாடே தேடியது. பதினொரு நாள் கழித்து ஹாரகேட் நகரத்து ஹோட்டலில், கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரில் தங்கியிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அம்மா இறந்ததும், கணவர் விவாகரத்து கேட்டதும் அதே வருடம். சுயசரிதையில் அந்த நாட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் சொல்ல விரும்பாததை நாம் தோண்ட வேண்டாம்.

கேள்வி: ரத்தம் தெறிக்காத, டீயும் கேக்குமாக நடக்கும் கொலைக் கதை நிஜத்தை ஏமாற்றுவதில்லையா? — மதுரை வாசகர்

பதில்: அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944இலேயே ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருட்டுச் சந்தில் முகம் தெரியாதவன் கத்தியோடு வருவது ஒரு பயம். டீ ஊற்றிக் கொடுத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தவரே கொன்றிருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய பயம். கிறிஸ்டி எழுதியது இரண்டாவதை. காரணமும் பெரும்பாலும் பணம், உயில், சொத்து. எந்த ஊர்க் குடும்பத்துக்கும் புரிகிற விஷயம்.

அவருடைய கிராமம் அப்படியே உறைந்தும் போகவில்லை. 1950இல் வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' நாவலைப் பாருங்கள். போர் முடிந்த காலம். சாப்பாட்டுக்கு ரேஷன். முன்பெல்லாம் ஒரு குடும்பம் குடிவந்தால் அதன் பூர்வீகம் ஊருக்கே தெரியும். இப்போது தன்னைப் பற்றி ஒருவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அந்த நாவலின் மர்மமே இதன்மேல்தான் நிற்கிறது. 1962 நாவலில் செயின்ட் மேரி மீடில் புதுக் குடியிருப்பு வந்துவிடுகிறது. மார்ப்பிள் அதையும் போய்ப் பார்க்கிறார். இங்கிலாந்துக் கிராமம் மாறிய கதையை அறிய விரும்புகிறவர்களுக்கு இந்த இரண்டையும் துணிந்து சிபாரிசு செய்வேன்.

கேள்வி: அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது? — புதுச்சேரி வாசகி

பதில்: ஆரம்ப கால நாவல்களில் யூதர்களையும் வெளிநாட்டவரையும் பற்றி வரும் இளக்காரமான வரிகள். 1939 நாவல் ஒன்றின் பிரிட்டிஷ் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. அமெரிக்கப் பதிப்பில் மாற்றினார்கள். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதை மூடிவிட மாட்டேன்.

கேள்வி: நேரில் பார்க்கக்கூடிய இடங்கள் எவை? — கோவை வாசகர்

பதில்: 1890இல் அவர் பிறந்த டார்கி. டார்ட் நதிக்கரையில் 1938இல் வாங்கிய கிரீன்வே வீடு. இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. அலை வடிந்தால் மணலில் நடந்தே போகக்கூடிய பர்க் தீவு. 'ஈவில் அண்டர் தி சன்' அங்கே பிறந்தது. லண்டனில் இறங்கினால் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம். கொரோனா மூடியதைத் தவிர 1952லிருந்து நடக்கிறது. கொலையாளி யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். சால்சி ஊர்ச் சர்ச்சில் அவருடைய கல்லறை.

கேள்வி: எங்கள் ஊர் மிகவும் சிறியது. இங்கே வைத்துத் துப்பறியும் கதை எழுத முடியுமா? — திருவையாறு கல்லூரி மாணவி

பதில்: சிறிய ஊர்தான் வசதி. யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டில் பாகப்பிரிவினை முடியவில்லை, யார் எந்த நேரத்தில் வாசல் தெளிப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். கிறிஸ்டியைப்போல் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்; அவர் விட்டுப்போனவற்றில் எழுபத்து மூன்று கிடைத்திருக்கின்றன. கொலையாளியைக் கதையின் தொடக்கத்திலேயே வாசகர் கண்முன் நடமாட விடுங்கள். தடயம் எதையும் ஒளிக்காதீர்கள். முடித்ததும் இந்த முகவரிக்கே அனுப்புங்கள். முதல் ஆளாகப் படிக்கிறேன்.