போர்வெல் சாம்ராஜ்யம்

எண்ணெய் நாடுகளைச் சீர்திருத்துவது எப்படி என்று உலக வங்கிக்காரர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதில் நாலு பக்கம் புரட்டினாலே கோயமுத்தூர்க்காரருக்கு ஒரு சந்தேகம் தட்டும்: நம்ம ஊர்க் கதையை எடுத்து சவூதி என்று பெயர் மாற்றிப் போட்டுவிட்டார்களோ? பூமிக்கடியில் ஒரு சரக்கு. அதை எடுத்தவன் ராஜா. எடுக்க அரசாங்க மானியம். மானியத்தில் கை வைத்தால் கலவரம். சரக்கு வற்ற வற்ற இன்னும் ஆழம். அங்கே பீப்பாய்க் கணக்கு, இங்கே இஞ்ச் கணக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கட்டிய மேஸ்திரி, மழையை மொத்தமாகக் கேரளத்துக்கு எழுதிவைத்துவிட்டு, கொங்குநாட்டுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றை மட்டும் அனுப்பினார். காற்றைக் குடித்துப் பயிர் வளராது. ஆகவே நம் முன்னோர் பாறையை வெட்டினார்கள். கிணற்று மேட்டில் இரண்டு காளைகள், வடம், சால், தும்பி. காளை முன்னே போனால் தண்ணீர் மேலே வரும்; பின்னே வந்தால் சால் கீழே போகும். விடியற்காலை தொடங்கி நாள் முழுக்க இப்படிக் கவலை ஓட்டினால், மாலையில் கொஞ்சம் வயல் நனைந்திருக்கும். காளையும் ஓட்டியவரும் முழுக்க நனைந்திருப்பார்கள். இதில் ஒரு சௌகரியம் உண்டு. காளைக்கு மூச்சு வாங்கும் வேகத்துக்கு மேல் கிணற்றைச் சுரண்ட முடியாது.

வெள்ளைக்காரர் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் கோவையில் நூற்பு ஆலை போட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது. நீள இழை, நல்ல விலை, ஆனால் தாகம் அதிகம். கிணற்றடிக் காளைகளுக்கு அன்று பிடித்தது சனி. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்து மலையிறங்கி வந்த பிறகுதான் அவற்றுக்கு விமோசனம்.

1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே முதல் மோட்டார் அதுதான் என்று கோவையில் யாரைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்வார்கள். அடுத்த ஆண்டு, 1938 மார்ச்சில், சவூதியின் தம்மாம் 7-ஆம் கிணற்றில் ஏறக்குறைய 4,700 அடியில் எண்ணெய் பீறிட்டது. அதற்கு முன் போட்ட ஆறும் உருப்படியாக வரவில்லை. ஆறு கிணறு பொய்த்த பிறகும் ஏழாவது போடுகிற ஆள் எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் அமெரிக்கக் கம்பெனி பின்னால் நிற்கவில்லை.

சவூதிக்காரர்கள் ரிக்கையும் வாங்கினார்கள், அதை ஓட்ட ஆளையும் வாங்கினார்கள். கோயமுத்தூர்க்காரருக்கு எதையும் வெளியே வாங்கப் பிடிக்காது. பார்த்து, பிரித்து, மறுபடி பூட்டி, பக்கத்துத் தெருவில் பட்டறை போட்டுவிடுவார். தண்ணீரில் காசு பார்த்தவரைவிட, தண்ணீர் எடுக்கும் பம்பில் காசு பார்த்தவர் நிலைத்தார். 1955-இல் பி. சபாபதி அதே மோட்டாரைக் கல்லுக்கு அடியில் பொருத்தி மாவு ஆட்ட வைத்தார்; கோவை கிரைண்டர் பின்னால் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. பொருளாதாரத்தைப் பல்வகைப்படுத்துவது எப்படி என்று 2016-இல் 'விஷன் 2030' எழுதிய சவூதி இளவரசர் ஒரு நடை காந்திபுரம் வந்திருந்தால் காகிதம் மிச்சம்.

ஆனால் ஒன்று. கிணற்றில் தண்ணீர் எவ்வளவுக்கு இறங்குகிறதோ, அவ்வளவுக்குப் பம்பு விற்பனை ஏறும். இப்படியொரு தொழிலுக்கு நிலத்தடி நீரைக் காப்பாற்றும் ஆசை எங்கிருந்து வரும்?

இனி சீர்திருத்தப் படலம். 1970-இல் அரசு விவசாய மின்சாரத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக்கியது. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு. 3 விவசாயிகள் இறந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் கிண்டலுக்கு வேலையில்லை. அரசு ஒரு பைசாவைக் குறைத்தது. 1972-இல் கட்டணம் மறுபடி ஏற, மாட்டு வண்டிகள் வரிசை கட்டி வந்து கோவை வீதிகளை அடைத்து நின்றன. மோட்டார் வந்ததும் ஓய்வு பெற்ற காளைகள் மோட்டாருக்காகவே போராட வந்த விசித்திரத்தை எந்தப் பொருளாதார நிபுணரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. 1989-இல் வெனிசுவேலா பெட்ரோல் விலையை ஏற்றியபோது கராகஸ் தெருக்கள் பற்றி எரிந்தன. அவர்களிடம் மாட்டு வண்டி இல்லாமல் போயிற்று.

நம் ஆட்சியாளர்கள் பாடம் கற்றார்கள், தலைகீழாக. 1984-இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம், 1990-இல் எல்லோருக்கும். 2003-இல் ஜெயலலிதா துணிந்து கட்டணம் போட்டார். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களும் கை நழுவின. முடிவு வந்த சூட்டோடு இலவசம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து விவசாய மீட்டர் என்ற பேச்சை எடுக்கும் அமைச்சர் முதலில் தன் தொகுதியின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

மோட்டார் ஓட, கிணறு வற்ற, போர் வந்தது. அதற்கும் வெளியூர் போகவேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றுகின்றன. நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பவர் ஓரிடத்தில் நிற்பார், தேங்காயும் எழுந்து நிற்கும். அங்கே ராத்திரியில் ரிக் இறங்கும். 600 அடி வரை வெள்ளைப் புழுதிதான். பக்கத்துத் தோட்டத்துத் தென்னை, காய வைத்த துணி, வேடிக்கை பார்க்க வந்த மாமனார், எல்லாம் மாவு பூசினாற்போல.

"ஏனுங்ண்ணா, நிறுத்திக்கலாமுங்களா?"

"இன்னொரு நூறடி போட்டுப் பாருங். தேங்கா நின்னுச்சில்லீங்?"

அடிக்கு அடி காசு ஏறும். நகை அடகுக்குப் போகும். ஆயிரம் அடியைத் தாண்டி அரை இஞ்ச் தண்ணீர் வந்தால் அன்றைக்குப் பிரியாணி.

சவூதியும் சும்மா இருக்கவில்லை. எண்ணெய்க் காசில் பாலைவனத்தடி நீரை உறிஞ்சிக் கோதுமை போட்டு, ஏற்றுமதியும் செய்தார்கள். நீர் வற்றுவது புரிந்ததும் 2016-இல் கோதுமைக் கொள்முதலையே நிறுத்திவிட்டார்கள். அங்கே மன்னராட்சி, சொன்னால் முடிந்தது. இங்கே கரும்பையோ வாழையையோ நிறுத்தச் சொல்லிப் பாருங்கள், மாட்டு வண்டிக்குப் பதில் டிராக்டர் வரும்.

நார்வே எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்க 1990-இல் சட்டம் போட்டு, 1996-இல் முதல் தொகையைக் கட்டியது. நாம் வற்றிய கணக்கில் திரும்பக் கட்டுவதற்கு அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைக் கேட்டோம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாகப் பாய்ந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீர், 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி நிஜமாகவே பாய்ந்தது. 1,045 குளம் குட்டைகளை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்த வேண்டும். செலவு ஏறக்குறைய 1,916 கோடி ரூபாய். பவானி ஆற்று உபரி நீர் மேட்டில் ஏறவேண்டுமே, அதற்கு 6 இடங்களில் நீரேற்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் மோட்டார்.