பாழடையக் காத்திராத பூங்கா

கோலாலம்பூர் செந்தூலில் ரயில் பட்டறை ஓய்ந்து கிடந்து, அதன் ஒரு கட்டடம் கலைக்கூடமாகத் திறக்க 2005 ஆயிற்று. பினாங்கின் சியா போய் சந்தை பல ஆண்டு பூட்டிக் கிடந்து, 2019-இல்தான் பூங்காவானது. என்ன அவதி! கெடாவில், நம் கூலிமில் அந்தத் தாமதமே இல்லை. தொழிற்சாலைகளுக்கே பூங்கா என்று பெயர் வைத்துவிட்டோம். அவை பாழடையும்வரை யார் காத்திருப்பது?

1996-இல் திறந்த, நாட்டின் முதல் ஹைடெக் பூங்கா இது. முன்பு கித்தாவும் செம்பனையும் நின்ற மண். பூ பறிக்க வருகிறவர் ஏமாற வேண்டாம், சிப் பூக்கிறது. 2024-இல் இன்பினியனின் சிலிக்கன் கார்பைடு ஆலைகூட மலர்ந்தது.

திட்டம் போட்டவர்களின் ஒழுங்கைச் சொல்லியே ஆகவேண்டும். தோட்டத்தில் எல்லாம் குழம்பிக் கிடந்தது. லயத்துக்கு எதிரே கோயில், பக்கத்தில் பள்ளி, அடுத்து திடல், சற்றுத் தள்ளி கள்ளுக்கடை. வேலை, சாமி, சண்டை எல்லாம் கூப்பிடு தூரம். இப்போது ஆலைக்கு ஒரு மண்டலம், ஆய்வுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று எனப் பிரித்துவைத்து, 'ஒருங்கிணைந்த நகரம்' என்கிறார்கள். பிரித்தால்தானே இணைத்தோம் என்று சொல்லமுடியும்! பிள்ளைகள் பந்து உதைத்த திடலுக்குப் பதில் கோல்ஃப் மைதானம் உண்டு. அதுவும் பந்துதான்.

மரபையும் விடவில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தோம். இன்று விடியுமுன் ஆலை பஸ் வருகிறது, வாசலில் அட்டையைக் காட்டினால் போதும், கிராணியின் ஏச்சு மிச்சம். அன்று துரை பங்களா பக்கம் மட்டும்தான் போகக்கூடாது. அந்த மரியாதையை இன்று எல்லாக் கட்டடங்களுக்கும் சமமாகப் பங்கிட்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் பாட்டியைக் கூட்டிப்போனேன். இந்தப் பக்கம் பால் வெட்டியவர். ஏதோ ஓர் ஆலையின் வேலியோரம் காரை நிறுத்தச் சொன்னார். சரிவைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இது நம்ம நிரைடா. இங்கதான் ஓடை திரும்பும்."

காவலர் வந்தார், நல்ல பணிவு. "மாக்சிக், பாஸ் இருக்கா?" என்று மலாயில் கேட்டார். பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து அடையாள அட்டையை நீட்டினார். எண்ணின் நடுவே 02. கெடாவில் பிறந்தவர் என்று பொருள். காவலர் இரு கைகளாலும் வாங்கிப் பார்த்து, புன்னகையோடு திருப்பிக் கொடுத்து, காரை எடுக்கச் சொன்னார்.