அன்புள்ள கே.

எக்செல் அட்டவணையைக் கொடுத்தால் சம்பளச் சீட்டு, சான்றிதழ், பணி நியமனக் கடிதம் எல்லாம் தானே தயாரித்துத் தரும் புதிய மென்பொருளுக்கு அலுவலகம் மாறிவிட்டது. பழைய மெயில் மெர்ஜுக்கு ஓய்வு.

முதல் கட்டுக் கடிதங்களிலேயே "பணியில் சேர்ந்த நாள்: 45658". பதற வேண்டாம், அது 2025 ஜனவரி 1தான். 1900 ஜனவரி 1 தொடங்கி எத்தனையாவது நாள் என்றுதான் எக்செல் தேதியை நினைவில் வைக்கும். அந்தக் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்று உலகம் காணாத ஒரு நாளும் உண்டு. லோட்டஸ் 1-2-3 விட்டுச்சென்ற பிழை. ஒத்துப்போக வேண்டுமே என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே வைத்துக்கொண்டது. பரம்பரைச் சொத்தை யார் விடுவார்?

மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுக்களை எக்செல் விடாமல் தேதியாக்கியதில், கடைசியில் பெயர் மாற்றிக்கொண்டவை மரபணுக்கள்தான். 2020இல் வந்த பெயரிடும் விதிகள் அதை உறுதிசெய்தன.

நம் கே. முருகன்களுக்கு அந்த வசதியும் இல்லை. முதல் பெயர் எது என்று மென்பொருள் தேடியது, கிடைத்தது, அச்சடித்தது: "அன்புள்ள கே."

கணக்குப் பிரிவு அம்மா மட்டும் 'ஃபைனல்_புதுசு_2' என்ற பழைய கோப்பை அழிக்கவில்லை. மாதக் கடைசியில் மேலாளரே அவர் மேசைக்குத்தான் வருகிறார்.