பிடித்தது சனியல்ல

கேள்வி: என்னுடைய 1995 மாருதி 800 கரும்புகை கக்குகிறது. காரைக்காலில்தான் பெட்ரோல் மலிவாயிற்றே, அப்படியே ஓட்டலாமா?
- ஒரு வாசகர், நிரவி

பதில்: பெட்ரோலுக்கு வரி குறைவு, சரி. ஆனால் அதில் ஒரு லிட்டர் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டுமே! ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், கார்புரேட்டர் வண்டி காற்றில்லாமல் பெட்ரோலை மொடாவாகக் குடிக்கும். சம்பா அறுவடை சமயத்தில் நம் சாலைகளில் பறக்கும் வைக்கோல் தூசி கொஞ்சமா? 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லையா, புதிது போடுங்கள். தூசியைத் தட்டலாம், காகித ஃபில்டரை அலசிக் காயப்போட அது வேட்டியல்ல. (என் மைத்துனர் செய்தார். கொடியில் நன்றாகத்தான் காய்ந்தது.) மாற்றியும் புகைந்தால் சோக் சிக்கியிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்கிறதே என்று எள் தீபம் ஏற்றக் கிளம்பிவிடாதீர்கள். பிடித்தது சனியல்ல, தூசி.