தலைகீழ்ப் பாடம்

1957-இல் பிரிட்டனில் லோட்டஸ் செவன் கார் உதிரி பாகங்களாகவும் விற்பனைக்கு வந்தது. முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பெட்டியில் கிடக்கும் பாகங்களுக்கு இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிக்காரர் வந்துவிடுவார். அதனால் கம்பெனி கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தது என்பார்கள். வாங்கியவர், வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைபோல, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டார்.

1973-இல் அந்த வரி ஒழிந்து வாட் வந்தது. தலைகீழ்ப் பழக்கம் மட்டும் ஒழியவில்லை. இன்றும் பாகங்களாக வாங்கிய காரை வீட்டு கராஜில் பூட்டும் முதல் வாரம் அப்படித்தான்: எண்ணும்போது ஒரு போல்ட் குறையும், பூட்டி முடித்தால் இரண்டு மிஞ்சும். அலுமினியத் தகட்டில் துளை கால் அங்குலம் தள்ளி விழும். அனுபவசாலி அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, 'டிசைன்' என்பார். (புதியவர் இன்னொரு துளை போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார், அது தனி சோகம்.) வீட்டில் "எப்போது ஓடும்?" என்று கேட்டால், "கோடையில்" என்று பதில் வரும். எந்தக் கோடை என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாம் முடிந்தாலும், ரோட்டில் ஏற அரசாங்கப் பரிசோதனையில் தேற வேண்டும். மிஞ்சிய போல்ட்டுகளைப் பற்றி அங்கே வாய் திறக்காதீர்கள்.