மணல் செய்யும் அவசரம்

மணல் செய்வதில் நார்த்தாமலைக்கு அவசரமே கிடையாது. வெயில் சுட்டு, மழை குளிர்வித்து, பாறை வெங்காயத் தோலாய் உரியும். ஃபெல்ஸ்பார் மக்கிக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் வீம்பாக மணலாய் நிற்கும். இந்தப் பக்கத்து ஓடைகள் இழுத்துவரும் மணலை, குளத்தூர் வட்டாரத்தில் புறப்படும் அக்னியாறு வாங்கிக்கொண்டு பட்டுக்கோட்டைச் சீமையைக் கடந்து பாக் நீரிணை முகத்துவாரத்தில் இறக்கும். லட்சக்கணக்கான வருஷத்து வேலை. கூலியும் கிடையாது, நடைச்சீட்டும் கிடையாது.

இந்த மந்த நிர்வாகத்தை நாம் சீர்திருத்திவிட்டோம். புதுக்கோட்டைச் சீமையில் இப்போது காலையில் பாறை, மத்தியானம் ஜல்லி, பொழுது சாயுமுன் எம்-சாண்ட். கிரஷர் இருக்கும்போது ஆற்றுக்கு எதற்கு மணல் என்று அதையும் அள்ளியாயிற்று. தமிழக மணல் குவாரிகளில் 4,730 கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்திருக்கும், அரசுக் கணக்கில் ஏறியது 36.45 கோடி என்றது அமலாக்கத்துறை. மீதி கரைந்திருக்கும் போல. மணல் தண்ணீரில் கரையாது என்று அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கோப்பில் கரையும் என்பது பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்த வேதியியல். விவரம் கேட்டுக் கலெக்டர்களுக்குச் சம்மன் வந்ததும் அரசே கோர்ட்டுக்கு ஓடியது. போய் ஆஜராகுங்கள் என்று சொல்ல 2024இல் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது.

ஆற்றில் மேலே மணல் போனால் கீழே முகத்துவாரத்தில் உப்பு ஏறும். மணல் வரத்து நின்ற கரையை அலை அரிக்கும். கலங்கல் படிந்தால் கடற்புல்லுக்கு வெயில் கிடைக்காது. அந்தப் புல்லை மேயும் ஆவுளியாவுக்காக 2022இல் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். தொழுவத்துக்குப் போர்டு மாட்டியாயிற்று. தீவனத்தை ஆவுளியாவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நார்த்தாமலையின் மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. இளங்கோவதியரையன் எடுத்த கற்றளியை மழை இடித்தது, மல்லன் விடுமன் புதுக்கினான் என்று கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இடித்தது யார் என்று எழுதும் நேர்மை இருந்தது. குற்றவாளி மழை என்பதால் துணிந்திருக்கலாம்.

இப்போது பெயர் சொன்னால் என்ன ஆகும் என்பதைத் திருமயம் பக்கம் பார்த்தோம். கல் குவாரி முறைகேடுகளைப் பற்றி விடாமல் மனுக் கொடுத்தார் ஜகபர் அலி. 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வண்டியில் வீடு திரும்பியவர் மேல் டிப்பர் ஏறியது. முதலில் அதற்குப் பெயர் விபத்து. பிறகுதான் கொலை வழக்கு. அவர் கொடுத்த மனுக்களுக்கு ஆபீஸ்களில் கொஞ்சம் வேகமாவது இருந்திருந்தால்! டிப்பருக்கு இருந்தது.

போன வாரம் நார்த்தாமலை விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன். தார்ப்பாய் போடாத லாரி ஒன்று முகத்தில் கல்தூசி இறைத்துவிட்டுப் போனது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் அதன் முதுகில் பச்சை எழுத்து: மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்.